வான்நோக்கு இரவுகள்: வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வானியல் மன்றம் தொலைநோக்கிகளை வெளியே எடுத்து வைக்கும் ஒவ்வொரு இரவிலும் இதே கேள்விகள் வருகின்றன. பின்னால் வரிசை காத்திருக்கும்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும் என்றுதான், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்கு வானியல்னா ஒண்ணுமே தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். இருட்டியதும் மன்றத்தில் ஒருவர், வெறும் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் கையால் சுட்டிக் காட்டுவார்: எது கோள், எது விண்மீன், எந்தெந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் எந்த உருவம் வரும் என்று. அதன் பிறகுதான் தொலைநோக்கி. இந்த வரிசையை நாங்கள் மாற்றுவதில்லை. வானத்தில் எதன் அருகே இருப்பதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸில்) கண் வைத்தால், பார்த்தது மனதில் தங்காது.

முதல் இரவிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று: மின்னுவது விண்மீன், மின்னாமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோள். விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளியாக வந்து சேர்கின்றன. காற்றின் அசைவு அந்தப் புள்ளியை ஆட்டிவிடுகிறது. கோள்கள் சிறு வட்டுகள். வட்டின் ஓரிடத்தில் ஒளி குறையும்போது இன்னோரிடத்தில் கூடுகிறது. மொத்தத்தில் ஆட்டம் தெரிவதில்லை.

பௌர்ணமி அன்னிக்கு நிலா நல்லா தெரியுமே, அன்னிக்கு ஏன் வைக்க மாட்டேங்கிறீங்க?

முழுநிலவைத் தொலைநோக்கியில் பார்த்தால் கண் கூசும், விவரம் தெரியாது. அன்று சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுகிறது, நிழலே இல்லை. பள்ளமும் மலையும் நமக்குத் தெரிவது நிழலால்தான். அதனால் நிலாவுக்கான நிகழ்ச்சியை வளர்பிறை ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் வைக்கிறோம். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பள்ளத்தின் அடி இருட்டில் கிடக்க, அதன் நடுவில் உள்ள மலையின் உச்சியில் மட்டும் வெயில் பட்டிருக்கும்.

விண்மீன் கூட்டங்கள், நெபுலாக்கள் என்ற வாயு மேகங்கள், கேலக்ஸிகள் போன்ற மங்கலானவற்றுக்கு அமாவாசையை ஒட்டிய வார இறுதிகள். நிலா இருந்தால் அவை வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

என்ன எடுத்துட்டு வரணும்? செல்போன் டார்ச் இருக்கே, போதாதா?

செல்போன் டார்ச்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. இருட்டுக்கு வந்ததும் கண்ணின் பாவை சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி நிறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அது கலைந்து, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும்.

மங்கிய சிவப்பு விளக்கு கொண்டு வாருங்கள். சாதாரண டார்ச்சின் மேல் சிவப்பு செலஃபேன் தாளைப் பல மடிப்பாகக் கட்டினாலும் போதும். மங்கிய ஒளியை உணரும் செல்களைச் சிவப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. மற்றபடி விரிக்க ஒரு பாய், பனிக்கு ஒரு போர்வை, குடிக்கத் தண்ணீர்.

நான் கண்ணாடி போட்டிருக்கேன். கழட்டணுமா?

கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸ் குமிழைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். தயங்காமல் திருப்புங்கள், அடுத்தவர் தன் கண்ணுக்கு மறுபடி சரிசெய்துகொள்வார். ஆஸ்டிக்மாடிசம் (சிலிண்டர் பவர்) அதிகமாக இருந்தால் கண்ணாடியோடே பாருங்கள். அதை ஃபோகஸால் ஈடுகட்ட முடியாது.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸின்னு காட்டினாங்க. ஒரு புகை மாதிரிதான் இருந்துச்சு. படத்துல கலர் கலரா இருக்கே?

இந்த ஏமாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கவனித்துப் பார்த்தவருக்குத்தான் இது வரும். படங்கள் பல நிமிடங்கள், சில சமயம் பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து எடுக்கப்பட்டவை. நம் கண்ணால் ஒளியை அப்படிச் சேமிக்க முடியாது. தவிர, மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதனால் ஏறக்குறைய எல்லா நெபுலாவும் கேலக்ஸியும் கண்ணுக்குச் சாம்பல் நிறம்தான்.

ஆனால் அந்தப் புகையை இன்னும் கூடுதலாகப் பார்க்க முடியும். அதை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். கவனம் மட்டும் அதன் மேல் இருக்கட்டும். மங்கலை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றியே இருக்கின்றன. கடைக்கண்ணால் பார்க்கும்போது அந்தப் புகை திடீரென்று நீண்டு விரியும். ஒரு நிமிடமாவது கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்பட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் பார்த்த அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பயணம் முழுவதையும் கடந்து வந்து உங்கள் விழித்திரையில் முடிந்த ஒளி அது. எந்தப் படமும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த தொலைநோக்கி எத்தனை மடங்கு பெருசாக்கும்?

மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆனால் கேட்க வேண்டியது "ஒளியைத் திரட்டும் லென்ஸ் அல்லது ஆடியின் விட்டம் எவ்வளவு?" என்பது. உருப்பெருக்கம் நிலையான எண் இல்லை. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை (ஒளி வந்து குவியும் தூரத்தை) ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது அது. 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. ஐபீஸை மாற்றினால் எண்ணும் மாறும்.

விட்டம்தான் ஒளியைத் தீர்மானிக்கிறது. இருட்டில் விரிந்த கண்பாவை ஏறக்குறைய 7 மி.மீ.; 200 மி.மீ. ஆடி அதைப்போல் சுமார் 800 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. பயனுள்ள உருப்பெருக்கத்துக்கும் விட்டமே எல்லை: மி.மீ. ஒன்றுக்கு இரண்டு மடங்கு. 60 மி.மீ. தொலைநோக்கிப் பெட்டியின் மேல் 500 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். 120-க்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது.

பையனுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?

முதலில் சில மாதங்கள் எங்களோடு வந்து பல தொலைநோக்கிகளில் பார்க்கட்டும். ஆர்வம் நிலைத்தால் முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு, அடுத்தது முன்லென்ஸின் விட்டம் மி.மீ.-இல்). நிலவின் பெரிய பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள், கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா எல்லாம் அதில் தெரியும். தொலைநோக்கி வாங்கிய பிறகும் பைனாகுலர் வீணாகாது.

அதற்கடுத்து, 150 அல்லது 200 மி.மீ. டாப்சோனியன். பலகையால் செய்த எளிய பீடத்தில் குழாயை வைத்துக் கையால் தள்ளிப் பார்க்கும் அமைப்பு இது. ஆடும் முக்காலியில் நிற்கும் விளையாட்டுத் தொலைநோக்கிதான் பிள்ளைகளின் ஆர்வத்தைக் கொல்கிறது. தொட்டவுடன் பிம்பம் நடுங்கினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

தொலைநோக்கியை நாமளே செய்யலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். மன்றத்தின் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது ஆடி தேய்க்கும் பட்டறை. ஒரே அளவான இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகள் வேண்டும். நடுவில் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் இட்டு, மேல்வட்டைக் கீழ்வட்டின் மீது முன்னும் பின்னும் தள்ளி, சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். மேல்வட்டு கீழ்வட்டின் விளிம்புக்கு வெளியே நீளும்போது அழுத்தம் அதன் நடுவில் விழுகிறது. அதனால் மேல்வட்டு குழிகிறது, கீழ்வட்டு குவிகிறது. 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடிக்கு நடுவில் வேண்டிய குழிவு சுமார் 2 மி.மீ. மட்டுமே.

தூளை மேலும் மேலும் நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் பிசின் பூசிய தளத்தில் சீரியம் ஆக்சைடால் மெருகேற்றுவார்கள். கோள வடிவத்திலிருந்து பரவளைய வடிவத்துக்குக் கொண்டுபோவது இறுதிக் கட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளக்க ஃபூக்கோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனை இன்றும் போதுமானது: ஒரு சிறு விளக்கும் ஒரு பிளேடும் இருந்தால் ஆடியின் மேடுபள்ளம் நிழலாகத் தெரிகிறது. ஆடியில் விரலைச் சில நொடிகள் வைத்து எடுத்தால், உடல் சூட்டில் அந்த இடம் உப்பியிருப்பதைக்கூட இதில் பார்க்கலாம்.

இதை எளிமையாக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் டாப்சன். மடத்தில் துறவியாக இருந்தவர். கிடைத்த பழைய கண்ணாடியைத் தேய்த்து, அட்டைக்குழாயில் பொருத்தி, 1960-களின் இறுதியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ நடைபாதைகளில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். முந்தைய பதிலில் சொன்ன டாப்சோனியன் அவர் பெயரால் வந்தது.

சனிக்கு வளையம் இருக்கும்னு வந்தேன். ஒரு கோடுதான் தெரிஞ்சுது.

நீங்கள் வந்த ஆண்டு அப்படி. சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. அதன் அச்சு சுமார் 27 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரு சுற்றில் இருமுறை வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டுகிறது. 2025 மார்ச்சில் அப்படி நேர்ந்தது. வளையத்தின் விட்டம் லட்சக்கணக்கான கிலோமீட்டர் என்றாலும் கனம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். விளிம்பு நம்மை நோக்கினால் காணாமல்போகும். ஆண்டுக்காண்டு விரிந்து 2032 வாக்கில் மிக அகலமாகத் தெரியும். தொடர்ந்து வந்து பாருங்கள். கோடு வளையமாக மாறுவதைப் பார்ப்பது, ஒரே நாளில் முழுதாகப் பார்ப்பதைவிட மேல்.

மணிக்கு நூறு எரிநட்சத்திரம்னு பேப்பர்ல போட்டான். நான் நாலஞ்சுதான் பார்த்தேன்.

நூறு என்பது கணக்குக்காக வைத்த எண்: முழு இருட்டு, தெளிந்த வானம், பொழிவின் ஊற்றுப்புள்ளி (எரிநட்சத்திரங்கள் கிளம்பி வருவதாகத் தோன்றும் இடம்) நேர் தலைக்கு மேல். இந்த மூன்றும் ஒருசேர அமைவது அரிது. நகர வெளிச்சத்திலிருந்து பார்த்தால் பத்தில் ஒன்றுகூடத் தேறாது.

நல்ல எண்ணிக்கை வேண்டுமென்றால் டிசம்பர் 13, 14-இல் வரும் ஜெமினிட்ஸ் பொழிவுக்கு வாருங்கள். மற்ற பெரும்பாலான பொழிவுகள் வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசியால் வருகின்றன. இதற்குத் தாய் ஃபேத்தான் என்ற சிறுகோள். நள்ளிரவுக்குப் பிறகு பார்ப்பது நல்லது. அப்போது நாம் நிற்கும் பக்கம், பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்பியிருக்கும். தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தின் ஒரு சிறு துண்டைத்தான் காட்டும். பாயில் படுத்து, டார்ச் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்து, ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம் வச்சுப் பார்க்கலாமா? சின்ன வயசுல அப்படித்தானே பார்த்தோம்?

கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், புகைபிடித்த கண்ணாடி, சிடி, கூலிங் கிளாஸ், தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் கூடாது. இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்துவிடலாம்; ஆனால் அகச்சிவப்பைப் போதுமான அளவு தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளிச்சம் குறைவாகத் தெரிவதால் கண் பாவையும் விரிந்துகொள்ளும். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் கறை விழுந்த பிறகுதான் தெரியும்.

ஐஎஸ்ஓ 12312-2 தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடி சரி. 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியும் சரி. தொலைநோக்கியானால் வடிகட்டி முன்புறத்தில், ஒளி உள்ளே நுழையும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் சிறு வடிகட்டி குவிந்த வெப்பத்தில் விரிசல் விட்டு, கணத்தில் கண்ணைப் பறித்துவிடும். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் இதே ஆபத்துதான். வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுகிறோம். குழந்தைகளுக்கு எல்லாவற்றையும்விட நல்லது ஊசித்துளைப் பிம்பம். மரத்தடியில் இலை இடுக்குகள் தரையில் நூற்றுக்கணக்கான பிறைகளை விழச்செய்வதைக் காட்டுங்கள்.

முழு கிரகணத்தில் சூரியன் முழுதும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் விதிவிலக்கு. அதுவும் முழுமறைவுப் பாதைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும். 2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அந்தப் பாதை ஸ்பெயினின் தென்முனை, வட ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம் வழியே போகிறது. எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடத்துக்கும் மேல் நீடிக்கும். பகுதி கிரகணத்துக்கும் கங்கண கிரகணத்துக்கும் இந்த விலக்கு ஒரு நொடிகூடக் கிடையாது.

நிலாவுல நட்டுட்டு வந்த கொடியைக் காட்டுங்களேன்.

காட்ட முடியாது. 200 மி.மீ. தொலைநோக்கியால் நிலவில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால்கூடச் சுமார் நூறு மீட்டர்தான். அப்போலோ இறங்குகலத்தின் அடிப்பகுதி பத்து மீட்டருக்கும் குறைவு. 2009-இல் ஏவப்பட்ட நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் நிலவைத் தாழ்வாகச் சுற்றி, இறங்கிய இடங்களையும் விண்வெளி வீரர்களின் காலடித் தடங்களையும் படமெடுத்திருக்கிறது. அப்போலோ 11 இறங்கிய அமைதிக் கடல் எது என்று தொலைநோக்கியில் காட்டித் தருகிறோம்; அந்தக் கரும்பரப்பு வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஜாதகம் பார்ப்பீங்களா? என் நட்சத்திரத்தையாவது காட்ட முடியுமா?

ஜாதகம் பார்ப்பதில்லை. வானியல் அளந்து சரிபார்க்கக்கூடியதை மட்டும் பேசுகிறது. கோள்களின் இடம் ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அப்படிச் சரிபார்த்த சான்று இல்லை.

நட்சத்திரத்தைக் காட்டுவது எங்களுக்கு மகிழ்ச்சி. ரோகிணி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பெருவிண்மீன். திருவாதிரையைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். கேட்டை விருச்சிகத்தின் நடுவில் சிவந்திருக்கும். கார்த்திகை ஒரு விண்மீன் இல்லை, சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகப் பிறந்த ஒரு கூட்டம். நிலா ஏறக்குறைய 27.3 நாளில் விண்மீன்களிடையே ஒரு சுற்று வருவதால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை உங்கள் நட்சத்திரத்தின் பக்கம் வரும். அந்த நாளைக் கண்டுபிடித்துப் பாருங்கள். நிலவின் ஓட்டம் தானே புரியும்.

பொண்ணு பேர்ல ஒரு நட்சத்திரம் வாங்கலாம்னு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். விண்மீன் பெயர்களை அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம்; அது எந்தப் பெயரையும் விற்பதில்லை, விற்கவும் யாருக்கும் உரிமை தந்ததில்லை. சான்றிதழில் அச்சாகும் பெயரை எந்த வானியலாளரும் பயன்படுத்த மாட்டார். மகளோடு வந்து அவளே பிடித்த விண்மீன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எந்த மாதம் எப்போது உதிக்கிறது என்று ஓராண்டு கவனிக்கட்டும்.

நேத்து ராத்திரி வரிசையா விளக்கு மாதிரி போச்சு. பறக்கும் தட்டா?

பெரும்பாலும் அது இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை. ஏவிய சில நாட்களுக்கு இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தனியாக, மின்னாமல், விமானத்தைப் போல் சிவப்பு பச்சை விளக்குகளும் இல்லாமல் நிதானமாகக் கடந்தது என்றால் சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். அது 400 கி.மீ. உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. நமக்கு இருட்டி, அந்த உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும் நேரத்தில்தான் இவை தெரியும். அந்தியிலும் விடியலுக்கு முன்பும் மட்டும் இத்தகைய அழைப்புகள் எங்களுக்கு வருவதன் காரணம் அதுதான். அசையாமல் மேற்கிலோ கிழக்கிலோ நின்ற பேரொளி என்றால் வெள்ளி.

இவ்வளவு பெரிய ஆய்வகமெல்லாம் இருக்கு. நம்மள மாதிரி ஆளுங்க கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கு?

நிறைய. பெரிய தொலைநோக்கிகளுக்கு நேரம் ஒதுக்குவது கடினம். ஒரே விண்மீனை ஆண்டுக்கணக்கில் கவனிக்க அவற்றால் முடியாது. ஒளி மாறும் விண்மீன்களைக் கண்ணால் மதிப்பிட்டு அனுப்பும் பணியை 1911-இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ என்ற அமெரிக்க அமைப்பு இன்றும் நடத்துகிறது. அதற்கு 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பியவர் ராதா கோவிந்த சந்திரா என்ற வங்காளி. கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்தவர், முறையான வானியல் படிப்பு இல்லாதவர்.

2009-இல் வியாழன் மீது ஏதோ மோதிய கரும்புள்ளியை முதலில் கண்டவர் ஆஸ்திரேலியாவின் அமெச்சூர் வானியலாளர் ஆண்டனி வெஸ்லி. 2019-இல் வேறொரு விண்மீனின் பிடியிலிருந்து வந்த முதல் வால்மீனைக் கண்டவர் கென்னடி போரிசோவ். தானே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியில் கண்டார். எங்கள் மன்றத்தில் புதிதாகச் சேர்கிறவர்களை ஒளி மாறும் விண்மீன் ஒன்றோடு தொடங்கச் சொல்கிறோம். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளிர்வுக்கு ஓர் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவதுதான் வேலை.

வானத்துல புதுசா ஒரு மங்கல் புள்ளி பார்த்தேன். வால்மீனா இருந்தா யார்கிட்ட சொல்றது?

முதலில் அது ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் வால்மீன் தேடிய சார்ல் மெஸ்ஸியேவுக்கு இதே குழப்பம் வந்தது. வால்மீன் போலத் தோன்றி ஏமாற்றியவற்றையெல்லாம் அவர் பட்டியலிட்டார். இன்று 110 பொருள்கள் கொண்ட அந்தப் பட்டியல்தான் வசந்த காலத்தில் ஒரே இரவில் எல்லாவற்றையும் பார்க்க முயலும் எங்கள் மாரத்தானின் அடிப்படை. அதில் இல்லையென்றால் வரைபடச் செயலியில் பாருங்கள். ஐபீஸை மாற்றிப் போட்டும் பாருங்கள். அருகே உள்ள பிரகாசமான விண்மீனின் உட்பிரதிபலிப்பாக இருந்தால் மறைந்துவிடும் அல்லது இடம் மாறும்.

அடுத்து, சுற்றியுள்ள விண்மீன்களோடு சேர்த்து அதன் இடத்தை வரைந்துகொண்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். வால்மீன் என்றால் நகர்ந்திருக்கும். 1995 ஜூலையில் தாமஸ் பாப் செய்தது இதைத்தான். அவரிடம் சொந்தத் தொலைநோக்கி கிடையாது. நண்பர்களோடு வான்நோக்கப் போன இரவில், நண்பர் ஒருவரின் தொலைநோக்கியில் மெஸ்ஸியே பட்டியலின் 70-ஆம் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருக்கக்கூடாத ஒரு மங்கல் புள்ளி இருப்பது அவர் கண்ணில் பட்டது. அதே இரவில் ஆலன் ஹேலும் வேறோர் இடத்திலிருந்து அதைக் கண்டார். இருவர் பெயரிலும் அறியப்பட்ட ஹேல்-பாப் வால்மீன் 1997-இல் உலகமே வெறும் கண்ணால் பார்த்த ஒன்று.

நகர்கிறது என்று உறுதியானால், நேரத்தை நிமிடத் துல்லியமாகவும், இடத்தை ஆயத்தொலைவுகளாகவும், நகர்ந்த திசை, ஒளிர்வு, பயன்படுத்திய கருவி ஆகியவற்றையும் எழுதி எங்களுக்கு உடனே அழையுங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை. மன்றத்தில் இன்னொருவர் வேறொரு தொலைநோக்கியில் பார்த்து உறுதிசெய்த பிறகு, புதிய கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் வானியல் தந்திகளுக்கான மத்தியச் செயலகத்துக்கு உங்கள் பெயரில் அனுப்புவோம்.